எண்டோஸ்கோப்பிக்கு எந்த மயக்கம்?
மயக்க மருந்துக்கு அஞ்சி எண்டோஸ்கோப்பியை (வாய் வழியே கேமரா பொருத்திய குழாயை இறக்கி வயிற்றைப் பார்க்கும் சோதனை) தள்ளிப்போடுபவர்கள், முழு மயக்கம் மட்டுமே வழியல்ல என்பதை முதலில் அறிய வேண்டும். தொண்டையில் லிக்னோகெய்ன் ஸ்பிரே அடித்தால், ஒரு கசப்போடு அடிநாக்கு தடித்ததுபோல் மரத்துப்போகும்; நினைவு தெளிவாகவே இருக்கும், ஆனால் மரப்பு நீங்கும்வரை தண்ணீரும் குடிக்கக் கூடாது. அந்தக் குழாய் இறங்குவதை நினைத்தாலே நடுங்குபவர்களுக்கு ரத்த நாளத்தில் போடும் மிடசோலம் என்ற அமைதியூட்டும் மருந்து ஊசி பொருந்தும். பெயர் சொல்லி அழைத்தால் கண் திறக்கும் அளவுக்கே அரைத்தூக்கம் வரும், நடந்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. புரோபோபால் என்ற மயக்க மருந்து ஊசி இன்னும் ஆழ்ந்த உறக்கம் தருவதால், மூச்சைக் கவனிக்க மயக்கவியல் மருத்துவர் உடனிருப்பாரா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். குறட்டை, ஆஸ்துமா, தூக்க மாத்திரை, மதுப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். ஊசி போட்டுக்கொண்டால், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவோ பத்திரங்களில் கையெழுத்திடவோ வேண்டாம்.