படி இறங்கும்போது தலையைக் குனியுங்கள்

பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடி (மேல்பகுதியில் தூரத்துக்கும் கீழ்ப்பகுதியில் படிப்பதற்கும் பவர் உள்ளவை) புதிதாகப் போட்டவர்கள் படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாதீர்கள். தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கித் தலையையே குனிந்து, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள்.

கீழ்ப்பகுதியின் பவர் புத்தகம் படிக்கிற தூரத்துக்கு, அதாவது சுமார் 40 செ.மீ.க்கு அமைந்தது. நம் காலோ கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் படியின் விளிம்பு மங்கி, இடம் மாறித் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனையின் குறுகலான மரப்படி, மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் படிக்கட்டு, இங்கெல்லாம் கைப்பிடியையும் விடாதீர்கள். பஸ்ஸின் கடைசிப் படியில் இன்னும் கவனம் வேண்டும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் குனிந்து பார்த்துவிட்டே காலை வையுங்கள்.

கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. வெளியே நடக்க, தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது. இரண்டு வாரம் கழிந்தும் தலைசுற்றல் நிற்கவில்லையென்றால், பழகிவிடும் என்று பொறுத்திருக்காமல், லென்ஸ் பொருத்திய உயரத்தைக் கடையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது கண்ணாடிப் பிரச்சினை என்று நினைக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.