கதையிலும் திரையிலும் பண்டிகை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஒரு குடும்பம் ஒற்றுமையாக வாழ்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால், நம் கதாசிரியர்களும் இயக்குநர்களும் பெரும்பாலும் ஒரு பொங்கலையோ தீபாவளியையோ கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வாசலில் பெரிய கோலம், பட்டுப் புடவையில் பெண்கள், வரிசையாக அகல் விளக்குகள், மூத்தவர் காலில் விழும் பேரப்பிள்ளைகள் என்று காட்சி கண்ணுக்கு நிறைவாக முடிந்துவிடுகிறது. சிறுகதைகளின் கையெழுத்துப் படிகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்திவரும் எனக்கு, இத்தகைய காட்சிகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் மனப்பாடமாகிவிட்டன. அவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பண்டிகைக்கு ஒரு நேரம் உண்டு, அதற்கென்று வேலை உண்டு, யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற முறை உண்டு. இவற்றை மறந்து அலங்காரத்தை மட்டும் எழுதும்போது காட்சி பொய்யாகிவிடுகிறது.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டுத் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை. நரக சதுர்த்தசியன்று சூரியன் உதிப்பதற்கு முன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தி முதல் வெடியைக் கொளுத்திவிட்டால் பாதிப் பண்டிகை முடிந்துவிடும். பகல் பதினொரு மணிக்கு வீடே தூங்கி வழியும். வட இந்தியாவிலோ அமாவாசை மாலையில் நடக்கும் இலட்சுமி பூசையும் விளக்கு வரிசையும்தான் தீபாவளி. இந்திப் படங்களையும் நகைக்கடை விளம்பரங்களையும் பார்த்துப் பழகியவர்கள், 1970களின் தஞ்சாவூர்க் குடும்பத்தைப் பற்றி எழுதும்போதுகூடத் தீபாவளி இரவில் திண்ணை முழுவதும் அகல் விளக்குகளை ஏற்றிவைத்துவிடுகிறார்கள். நமக்கு விளக்கு வரிசைக்குரிய நாள் கார்த்திகை தீபம். பொரி உருண்டையும் சொக்கப்பனையும் அந்த நாளுக்கு உரியவை. இன்றைய நகரத்து அடுக்குமாடி வீடுகளில் தீபாவளிக்கும் விளக்கு வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது எந்த ஆண்டுக் கதை, எந்த ஊர்க் கதை என்று கேட்டுக்கொண்டே எழுத வேண்டும்.

நேரத்தோடு சேர்ந்ததுதான் பருவமும். தீபாவளி வரும் ஐப்பசி, வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதம். நமத்துப்போன வெடிகளை முறத்தில் பரப்பி, வெயில் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் மாடிக்குத் தூக்கிச் சென்று, தூறல் விழுந்தவுடன் கீழே கொண்டுவந்த அனுபவம் இல்லாத தமிழ்ப் பிள்ளைப்பருவம் அரிது. ஆனால் கதைகளில் தீபாவளி வானம் எப்போதும் நிர்மலமாகவே இருக்கிறது. அண்மைக் காலத்தை எழுதுபவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதித்ததையடுத்து, தமிழ்நாட்டில் காலை 6 மணி முதல் 7 மணி வரையும் இரவு 7 மணி முதல் 8 மணி வரையும் நேரம் குறிக்கப்பட்டது. விடியற்காலை நான்கு மணிச் சரவெடி அந்த ஆண்டு முதல் விதி மீறிய வெடி. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டியிலோ, வலசை வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக ஊரே வெடி வெடிப்பதில்லை. தமிழ்நாட்டுத் தீபாவளி என்றாலே சத்தம்தான் என்று எழுதுவதும் பிழையாகிவிடும் ஊர்கள் இருக்கின்றன.

அடுத்த பிழை, ஒரு சாதியின் அல்லது ஒரு வட்டாரத்தின் வழக்கத்தை எல்லாருக்கும் பொதுவாக்குவது. ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்ற விசாரிப்பு பிராமணக் குடும்பங்களில் இயல்பானது. தேனிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துத் தாத்தாவின் வாயில் அது ஒட்டாது. அவர் வீட்டில் அன்று காலை இட்லியோடு ஆட்டுக்கறிக் குழம்பு இருந்திருக்கும். விடியும் முன்பே கறிக்கடை வரிசையில் யாராவது நின்றிருப்பார்கள். தமிழ்நாட்டில் எண்ணற்ற வீடுகளின் தீபாவளிக் காலை இதுதான் என்றாலும், திரையில் அந்த வீடுகளுக்கும் லட்டும் பால் பாயசமும் மட்டுமே பரிமாறப்படுகின்றன.

பொங்கலில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். தென் மாவட்டங்களில் வாசலில் அடுப்புக் கூட்டிப் பனையோலை எரித்துப் பொங்கலிடுவார்கள். படையலில் கரும்போடும் மஞ்சள் கொத்தோடும் பனங்கிழங்கு இருக்கும். கொங்கு நாட்டில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகும் காப்புக்கட்டோடு பண்டிகை தொடங்கும். சென்னையிலும் வட மாவட்டங்களிலும் போகியன்று விடியற்காலையில் பழைய பாய்களை எரித்துச் சிறுவர்கள் கொட்டடிப்பார்கள். தெற்கே பல கிராமங்களில் அந்த வழக்கமே கிடையாது. இவற்றில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எல்லாவற்றையும் ஒரே வாசலில் கொட்டக் கூடாது. அதோடு, பானையில் பொங்கும் வெண்பொங்கலை உணவகத்து வெண்பொங்கலாக எண்ணி மிளகும் சீரகமும் முந்திரியும் மிதக்கவிடுகிறார்கள். சூரியனுக்குப் படைக்கும் பொங்கல் பெரும்பாலான கிராமங்களில் பச்சரிசியும் பாலும் மட்டும் சேர்ந்தது. அதற்குத் துணையாகப் பூசணி, அவரை, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி என்று அந்தப் பருவத்துக் காய்களையெல்லாம் போட்ட குழம்பு இருக்கும். அந்தக் குழம்பை மறுநாள் சுண்டவைத்துப் பழைய பொங்கலோடு சாப்பிடும் ருசியை எழுதியவர்கள் மிகக் குறைவு.

நான் பெரிதும் வருந்துவது உறவுமுறைகள் காணாமல் போவதைப் பார்த்துத்தான். தலைத் தீபாவளிக்குப் புதுமணத் தம்பதி பெண்ணின் பிறந்தகத்துக்குப் போவார்கள். பொங்கலுக்கோ சீர் எதிர்த் திசையில் நடக்கும். பிறந்தகத்தார் பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து ஆகியவற்றைச் சுமந்துகொண்டு மகளின் வீட்டுக்கு வருவார்கள். இந்த இரண்டையும் மாற்றிப்போட்டு எழுதப்பட்ட கதைகளை நானே திருத்தியிருக்கிறேன். தெற்கே இந்தச் சீருக்குப் ‘பொங்கப்படி’ என்று பெயர். தலைப்பொங்கலோடு அது முடிந்துவிடுவதில்லை. பெண் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் வர வேண்டியது. பெற்றோர் போனபின் உடன்பிறந்தவனும், அவனும் போனபின் அவன் மகனும் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஆச்சிக்கு எண்பது வயதைக் கடந்தபிறகும் அவருடைய தம்பி மகன் பொங்கப்படி கொண்டுவந்தார். கடைசி ஆண்டுகளில் அது ஒரு படி பச்சரிசி, இரண்டு உருண்டை வெல்லம், வெற்றிலையில் வைத்த நூற்றொரு ரூபாய் என்று சுருங்கிவிட்டது. வீட்டில் மூட்டை அரிசி இருந்தும், அந்த ஒரு படியைத் தனியாக ஒரு தூக்குவாளியில் போட்டு மூடிவைத்து, பொங்கலன்று பானையில் முதலில் அதிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்ட பிறகே எங்கள் வீட்டு அரிசியைப் போட விடுவார். ஓர் ஆண்டு தம்பி மகன் வரத் தாமதமானது. பால் பொங்கும் நேரம் நெருங்கியும் ஆச்சி அரிசி போடச் சம்மதிக்காமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுப் பெறக் கூடாது, வராமல் இருந்துவிடவும் கூடாது என்ற அந்தத் தவிப்புக்குள் ஒரு பெண்ணின் அறுபது ஆண்டுக் குடும்ப வரலாறு அடங்கியிருந்தது. பொங்கல் காட்சியை எழுதுபவர் கரும்பு கடிக்கும் குழந்தைகளைத் தாண்டி வந்து, இந்தச் சீர் யார் கையிலிருந்து வருகிறது, யாருக்கு வராமல் போகிறது என்று கவனித்தால் கதை தானே நகரத் தொடங்கும்.

இதேபோல் எளிதில் தவறவிடப்படுவது துக்கம். குடும்பத்தில் ஓர் இறப்பு நேர்ந்தால் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. ஆவணியில் தந்தையை இழந்த நாயகன் ஐப்பசியில் குடும்பத்தோடு மத்தாப்புக் கொளுத்துவதாக வரும் கதையைத் தமிழ் வாசகர் அந்த இடத்திலேயே மூடிவைத்துவிடுவார். துக்க வீட்டில் அந்த ஆண்டு பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்ற மாட்டார்கள்; அக்கம்பக்கத்தாரும் பங்காளிகள் அல்லாத உறவினரும் தங்கள் வீட்டில் சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தெருவெங்கும் வெடிச் சத்தம் கேட்க, வாசல் தெளித்துக் கோலம் போடாத ஒரு வீட்டின் உள்ளே ஐந்தாறு வீடுகளின் முறுக்குகள் வெவ்வேறு தடிமனில் ஒரே தட்டில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சியைக் காட்டுவதற்காகவே பண்டிகையைத் தேடுபவர்களின் கண்ணில் அந்தத் தட்டு படுவதே இல்லை.

ஆண்டுக் கணக்கில் வரும் பிழைகள் நாட்காட்டியைப் பார்த்தாலே தீர்ந்துவிடும். அவனியாபுரத்தில் பொங்கலன்றும், பாலமேட்டில் மாட்டுப் பொங்கலன்றும், அலங்காநல்லூரில் அதற்கு மறுநாளும் ஏறுதழுவுதல் நடப்பது வழக்கம். 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் 2015, 2016 பொங்கல்களில் அந்த வாடிவாசல்கள் திறக்கப்படவில்லை; ஆகவே அந்த ஆண்டுகளில் நாயகன் அங்கே காளையை அடக்கியிருக்க முடியாது. தீபாவளியன்று குடும்பமே உட்கார்ந்து தனியார் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்ப்பதாக 1985ஆம் ஆண்டுக் கதையில் எழுத முடியாது. சன் தொலைக்காட்சி தொடங்கியதே 1993 ஏப்ரலில்தான். தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக அறிவித்து 2008இல் இயற்றப்பட்ட சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே வீட்டில் தாத்தா சித்திரையையும் பேரன் தையையும் புத்தாண்டாகக் கொண்டாடியிருக்கலாம், அதற்காக இருவரும் வாதிட்டும் இருக்கலாம். அது எழுதுபவருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு.

தீபாவளியன்று திரையரங்குக்குப் போவதே ஒரு குடும்ப வழக்கமாகப் பல தலைமுறைகள் இருந்துவந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1944 தீபாவளிக்கு வெளிவந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது இன்றும் பெருமையோடு பேசப்படுகிறது. பண்டிகையைப் படம்பிடிக்கும் திரைப்படங்கள், தாங்களும் அந்தப் பண்டிகையின் ஓர் அங்கம் என்பதை மட்டும் ஏனோ படம்பிடிப்பதில்லை.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களை எழுதும்போது இந்தக் கவனக்குறைவு அவமதிப்பாகவும் மாறிவிடக்கூடும். தமிழ் முஸ்லிம்கள் தங்கள் வீட்டுக்குள் ‘நோன்புப் பெருநாள்’, ‘ஹஜ்ஜுப் பெருநாள்’ என்று பேசுவார்கள். ‘நோன்பு திறப்பது’ என்பது அவர்களின் சொல். ஒரு கையெழுத்துப் படியில் நோன்பு திறக்கும் பாத்திமா ‘விரதத்தை முடித்தேன்’ என்று சொல்லியிருந்தாள். பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை விட்டுவிட்டுப் பிரியாணியை மட்டும் எழுதுவதும் இத்தகையதே. நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது பிறை தெரியும் இரவில்தான் உறுதியாகும் என்பதால், நாளைக்கா மறுநாளா என்று தையற்கடையிலும் கறிக்கடையிலும் காத்திருக்கும் அந்த இரவு கதைக்கு மிகவும் உகந்தது. பிறைக் கணக்கு ஆண்டு சுமார் பதினொரு நாள் குறைந்தது என்பதால் நோன்புப் பெருநாள் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும்; 1985இல் அது ஜூனிலும் 2005இல் நவம்பரிலும் வந்தது, 2000ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வந்தது.

கிறிஸ்துமஸ் காட்சியிலும் பஞ்சுப் பனியும் கேக்கும் போதும் என்று நினைக்கிறார்கள். கத்தோலிக்கர் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவதும், திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையார் இருட்டுப் பிரியாத அதிகாலையில் ஆராதனைக்குக் கிளம்புவதும், அந்தச் சபைகளின் குருவானவரை மக்கள் பேச்சில் ‘ஐயர்’ என்றே அழைப்பதும், நாகர்கோவில் வீடுகளில் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை என்பதும் அந்த மண்ணை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

ஈழத்துக் குடும்பங்களை எழுதும் தமிழ்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்த் தீபாவளியைத் தூக்கிக்கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் வைத்துவிடுவதையும் தவிர்க்க வேண்டும். அங்கே தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் உள்ள கனம் வேறு. கோயிலிலிருந்து வாங்கிவந்த, மூலிகைகள் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகிவிட்டு, சுபநேரம் பார்த்துப் பெரியவர்களிடம் கைவிசேடம் என்னும் புத்தாண்டுக் காசை வாங்கும் வழக்கம் தெரியாமல் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டின் ஏப்ரல் மாதத்தை எழுத முடியாது.

இவ்வளவையும் எப்படித் தெரிந்துகொள்வது என்று இளம் எழுத்தாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய கதையில் தீபாவளிக் காலையில் அம்மாவும் எல்லாரோடும் புதுப்புடவை கட்டி, மஞ்சள் தடவிய முந்தானையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உங்கள் அம்மா அன்று எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது குளித்தார் என்று மட்டும் விசாரித்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதிக் கொண்டுவந்தார். புதிய பக்கத்தில் அம்மா மூன்று மணிக்கு எழுந்து அண்டாவில் வெந்நீர் போட்டு, ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைத்து, உளுந்து வடையைச் சுட்டுக்கொண்டே மாமாவுக்குக் காபி கொடுத்து, எல்லாரும் வெடிக்கப் போன பிறகு அண்டாவின் அடியில் ஆறிக் கிடந்த தண்ணீரில் கடைசியாகக் குளித்தாள். அடுப்படி எண்ணெய் தெறித்துவிடும் என்பதால் பழைய சேலையையே கட்டிக்கொண்டாள். புதுப்புடவையை அவள் மடிப்புப் பிரித்தது மாலை ஐந்து மணிக்கு.