புயல் வேலையில் ‘ஏறமாட்டேன்’ என்று சொல்லும்போது நேரும் தவறுகள்

மின்கம்பம் ஏறும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். புயல் நேரத்தில் மேற்பார்வையாளர் ஆபத்தான வேலையைச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், எல்லோரும் தயங்காமல் “மறுத்துவிடுவோம்” என்கிறார்கள். களத்திலோ, அந்த வயதில் நான் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். கையுறை, தலைக்கவசம், இடுப்புக் கயிறு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை அவர்களுக்கே தெரியும்.

காற்று நின்றதும் கிளம்புவது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, பேய்க்காற்றுக்கு நடுவே சிறிது நேரம் எல்லாம் அடங்கியது. அது புயலின் கண். அது கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், முதல் காற்றில் வேர் தளர்ந்த மரங்கள் அப்போதுதான் சாயும். “காத்து நின்னுடுச்சு, வண்டியை எடு” என்ற உத்தரவு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகிறது. புயல் கடந்துவிட்டது என்று வானிலை மையம் அறிவித்திருக்கிறதா என்று கேளுங்கள்; அறிவிக்கவில்லையென்றால் வண்டியில் ஏறாதீர்கள்.

‘லைன் ஆஃப்’ என்ற வாய்ச்சொல்லை லைன் கிளியராக எடுத்துக்கொள்வது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்துப் போட்டது. நான் அப்போது ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் தூறல் விடவில்லை. மேற்பார்வையாளர் காதில் கைப்பேசியை வைத்தபடியே, “சப்-ஸ்டேஷன்ல சொல்லியாச்சு, லைன் ஆஃப்தான், ஏறுங்கப்பா” என்றார். வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தி, எண் போட்டு ஒருவர் பெயரில் தரும் அனுமதிதான் லைன் கிளியர். அதை யார் பெயரில் வாங்கினார்கள், எர்த் போட்டாயிற்றா, அதாவது கம்பியைத் தரையோடு இணைத்தாயிற்றா என்று நான் கேட்டிருக்க வேண்டும். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு, என்னோடு இருந்த ஹெல்பரை முதலில் ஏறச் சொன்னேன்.

துணை மின்நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தது உண்மைதான். ஆனால் அறுந்து தனித்துக் கிடந்த அந்தத் துண்டு லைனில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில், வெளி லைனிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டரின் 230 வோல்ட் மின்மாற்றிக்குள் தலைகீழாக நுழைந்து, மேலே உள்ள 11 கே.வி. கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி நிற்கும். கம்பத்தின் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்மைத் தாண்டி ஹெல்பரின் கை நீண்டதும் ‘சட்’டென்று ஒரு சத்தம் கேட்டது. இடுப்புக் கயிற்றில் தொங்கியவனை ஏணி போட்டு இறக்கினோம். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

கம்பியைத் தரையோடு இணைக்கும் டிஸ்சார்ஜ் ராட் லாரியிலேயே இருந்தது. கம்பியில் அதை மாட்டி, வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் செய்யப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கம்பியைத் தொடுவதற்கு முன் எர்த் செய்து மின்னூட்டத்தை இறக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதியே. அப்படியிருந்தும் விபத்து அறிக்கையில் ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அந்த இரண்டு சொற்கள் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகின்றன. வாயால் சொன்ன உத்தரவுக்குச் சாட்சி எதுவும் இல்லாததால்தான் அப்படி எழுத முடிந்தது.

ஆகவே மேற்பார்வையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: லைன் கிளியர் எண் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது, எர்த் எங்கெங்கே போட்டிருக்கிறது. பதில் வராவிட்டால், “எர்த் போட்டதும் ஏறுகிறேன்” என்று நேரத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பிவிடுங்கள். கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்த 2018-இல், பல மாவட்டங்களிலிருந்து வந்த குழுக்கள் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தன. அத்தகைய நேரத்தில் ஒரு குழு தன் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் மற்றக் குழுவும் இறங்கிவிட்டது என்று பொருளல்ல.

கோபத்தில் மறுப்பது

சண்டை முற்றினால் டிஸ்சார்ஜ் ராட் எல்லோருக்கும் மறந்துபோகும்.

கைப்பேசியை அணைத்துவிட்டு மறைவது

இதற்குப் பெயர் மறுப்பு அல்ல.

தான் மட்டும் ஒதுங்கிக்கொள்வது

நீங்கள் மறுத்த கம்பத்தில், விவரம் தெரியாத இன்னொருவரை ஏற்றுவார்கள். சென்ற மழைக்காலத்தில் என்னிடம் பயின்ற ஒரு பையன் ஏற மறுத்ததும், மேற்பார்வையாளர் அப்போதுதான் வெளியூரிலிருந்து வந்து இறங்கிய குழுவைக் கூப்பிட்டார். பையன் கம்பத்தடியை விட்டு நகரவில்லை. கயிற்றோடு வந்த பெரியவரிடம், “இன்னும் எர்த் போடலைண்ணே” என்று மட்டும் சொன்னான். அவர் கம்பத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய் லாரியில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் டிஸ்சார்ஜ் ராட் வந்து சேர்ந்தது.