காலையில் அடைக்கும், டீக்கப்புறம் அடைக்காது: எம்டிஎஸ்ஈடி படுத்திய பாடு

கோவையில் எங்கள் லேப். பொட்டாசியம் சேனலின் (செல் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் கடக்கும் புரதத் துளை) வெளிவாயில், மியூட்டேஷன் செய்து சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்து, அதில் எம்டிஎஸ்ஈடி (MTSET) என்ற மருந்தை ஒட்டவைத்தால் கரன்ட் அடைபட வேண்டும். பேட்ச் கிளாம்பில் (ஒரு செல்லின் கரன்ட்டை அளக்கும் முறை) காலை முதல் செல்லில் அழகாக அடைத்தது. பதினொரு மணி டீக்குப் பிறகு எந்தச் செல்லிலும் அசைவில்லை. ஒன்பது நாள் இதே கதை.

மியூட்டேஷனை மறுபடி சீக்வென்ஸ் செய்தேன், சரி. செல்லுக்கு மருந்து போகும் குழாயில் அடைப்போ என்று ஃபுட் கலர் விட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. செல்லைக்கூட மாற்றினேன், வீண்.

சீனியர் அக்கா கேட்டார்: "மருந்தை எப்பக் கண்ணு கரைச்சே?"

"எட்டரைக்குங்க்கா, பஃபர்ல."

அங்கேதான் சிக்கல். பஃபரில் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்), பிஎச் 7.5, 20 டிகிரியில் இந்த மருந்து சுமார் 11 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். நம் அறைச் சூட்டில் இன்னும் வேகம். ஐஸ் போல் குளிர்ந்த வெறும் தண்ணீரில் கரைத்து, செல்லுக்கு விடும் நொடியில் மட்டும் பஃபரில் கலந்தேன். அடைத்தது.

ஆனாலும் சில நாள் சோடை போனது. பாட்டிலைக் கவனித்தால், தூள் ஈரம்பட்ட சர்க்கரை மாதிரி கட்டிகட்டியாக இருந்தது. ஐப்பசி மழையில், மைனஸ் 20-இலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்திருக்கிறேன். காற்றின் ஈரமெல்லாம் தூளில் படிந்துவிட்டது. புது பாட்டிலை மூடியபடியே சிலிக்கா ஜெல் ஜாடியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு திறந்து, தூளாகவே சின்னக் குழாய்களில் எடைபோட்டுப் பிரித்தேன். ஒரு நாளைக்கு ஒரு குழாய்.

கடைசியில், சிஸ்டீனில் ஒட்டியதைப் பிரித்துவிடும் டிடிடி (DTT) என்ற வேதிப்பொருளை விட்டதும் கரன்ட் திரும்பியது. ஒட்டியது சிஸ்டீனில்தான். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.