பிரின்ட் விலையை இரண்டால் பெருக்கிச் சொல்லுங்கள்

உங்கள் புகைப்பட பிரின்ட்டுக்கு விலை வைக்கும்போது செலவையும் உங்கள் கூலியையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். நேரடியாக விற்றாலும் அதே விலைதான்.

காரணம் கேலரி கமிஷன். பல கேலரிகள் விற்பனை விலையில் 40 முதல் 50 சதவீதம் எடுத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு, ஒரு பிரின்ட்டுக்குத் தாள், மை, மவுன்ட், பேக்கிங் எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய், உங்கள் கூலி 2,300 என்று வையுங்கள். 4,500க்கு விற்றுப் பழகிவிட்டால், கேலரி பாதியை எடுத்த பிறகு செலவு போக மிஞ்சுவது வெறும் 50 ரூபாய். அப்போது விலையை 9,000 ஆக்கினால் பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்; நீங்கள் வெளியே குறைத்து விற்றால் கேலரி சும்மா இருக்காது. நேரடி விற்பனையில் கூடுதலாக வருவதும் சும்மா வருவதில்லை: ஸ்டால் வாடகை, கூரியர், உடைந்த கண்ணாடிக்கு மாற்று எல்லாம் அதிலிருந்துதான் போகும்.

ஃபிரேமை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 3,000 ரூபாய் ஃபிரேமை விலைக்குள் அடக்கினால் அதிலும் பாதி கமிஷனாகப் போய்விடும். ஃபிரேம் விலை தனி, கமிஷன் பிரின்ட்டுக்கு மட்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். சில கேலரிகள் ஒப்புக்கொள்ளும், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எண்ணிக்கை வரம்பு வைத்து, கையெழுத்திட்டு விற்கும் பிரின்ட்டுகளுக்குத்தான் இது சரி. போஸ்ட்கார்டு, காலண்டர், சின்ன போஸ்டர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே சந்தை விலைதான். கல்யாண ஆல்பத்துக்கும் அப்படியே, அது சேவைக் கட்டணம்.