எடைக் குறைப்பு ஆபரேஷன்: முன்பும் பின்பும் வீட்டில் செய்ய வேண்டியவை

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. நான் உணவு ஆலோசகர். இந்த ஆபரேஷனுக்கு வருபவர்களை முன்னும் பின்னும் பார்ப்பதுதான் என் வேலை. ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பலன் பெரும்பாலும் வீட்டு அடுப்படியில்தான் முடிவாகிறது. அதனால் சாப்பாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். மருந்து, அளவு விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

படி 1: உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

முதலில் பி.எம்.ஐ. கணக்கு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 96 கிலோ, 160 செ.மீ. என்றால், 96-ஐ 1.6-ஆல் வகுக்க 60 வரும். அதை மறுபடி 1.6-ஆல் வகுக்க 37.5.

1991-இல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோல்தான் வெகுகாலம் நடைமுறையில் இருந்தது: பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது எடையால் வந்த நோய்களோடு 35-க்கு மேல். 2022-இல் இந்தத் துறையின் சர்வதேச சங்கங்கள் அதை மாற்றின. இப்போது 35 தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் 30-இலேயே யோசிக்கலாம். ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்கிறார்கள். நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது, அதுதான் காரணம்.

தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை போன்ற காரணங்களால் எடை ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. உங்களுக்கு அது போதுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல தடவை எடையைக் குறைத்து, மறுபடி ஏறிப்போய், "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று கண் கலங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். எடை குறைந்ததும் உடம்பு பசி ஹார்மோனைக் கூட்டிப் பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும். அது உங்கள் குணத்தின் குறை இல்லை. ஆபரேஷன் உதவுவதே அந்த இடத்தில்தான்.

படி 2: இன்சூரன்ஸ் விதியைத் தனியாகப் படியுங்கள்

டாக்டர் "செய்யலாம்" என்று சொல்லும் அளவும், இன்சூரன்ஸ் பணம் தரும் அளவும் ஒன்றல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விதிப்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். கட்டுக்குள் வராத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால் 35 போதும். மற்ற வழிகளில் முயன்றும் எடை குறையவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அதனால் பழைய டயட் சீட்டு, டாக்டர் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் வாங்க வேண்டிய வைட்டமின், புரோட்டீன் பவுடர், ரத்தப் பரிசோதனைச் செலவுகள் மாதாமாதம் கைக்காசில்தான் வரும். இதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

படி 3: எந்த ஆபரேஷன்?

நம் ஊரில் பெரும்பாலும் செய்வது இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி நன்றாகவே குறையும். பைபாஸில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சிறிய பையை மேலே பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள். வெட்டி எடுப்பது எதுவும் இல்லை. ஆனால் சாப்பாடு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போவதால் சத்துக் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம்.

நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும். அவர்களுக்கும், பல வருடச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பைபாஸைப் பரிந்துரைப்பது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் எதைச் செய்துகொண்டார் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 4: பரிசோதனைகள்

ரத்தம், ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, தூக்கப் பரிசோதனை என்று பட்டியல் நீளும். எண்டோஸ்கோப்பியில் வயிற்றுப் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி தெரிந்தால் அதற்கு முதலில் மாத்திரை தருவார்கள். வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து அளவுகளையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அவை முன்பே குறைவாக இருந்தால், ஆபரேஷனுக்குப் பின் சரிக்கட்டுவது கஷ்டம். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவலை வந்தால் சாப்பாட்டைத் தேடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை மனம் திறந்து சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

சிகரெட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். தையல் ஆறாமல் போவதற்கும் பிற்பாடு புண் வருவதற்கும் அது ஒரு முக்கியமான காரணம்.

படி 5: சாப்பிடும் விதத்தை முன்பே பழகுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. "ஆபரேஷனுக்கு அப்புறம் தானாக வந்துவிடும்" என்பார்கள். வராது. இருபது முப்பது வருடமாக ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்தவர், வயிறு சுருங்கியதும் ஒரே நாளில் மாறிவிட மாட்டார்.

தேதி குறித்ததும் இதை ஆரம்பியுங்கள். சாப்பாட்டை ஒரு சின்னத் தட்டுக்கு மாற்றுங்கள். டீஸ்பூனில் எடுங்கள். கையால் சாப்பிட்டுத்தான் பழக்கம் என்றால் மூன்று விரல் நுனியில் எடுக்கும் அளவு போதும். வாயில் போட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, கூழாகும் வரை மெல்லுங்கள். அது உள்ளே போன பிறகுதான் அடுத்த வாய். ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம் ஆக வேண்டும்.

நம் வீடுகளில் இலை போட்டதுமே தண்ணீர் டம்ளரும் வந்துவிடும். அதை எடுத்துவிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். என்னிடம் வருபவர்களுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருப்பது இந்த விதிதான், சாப்பாட்டு அளவு கூட இல்லை. அதனால்தான் முன்பே பழகச் சொல்கிறேன்.

படி 6: கடைசி இரண்டு வாரம், கல்லீரலுக்காக

ஈரலின் இடப்பக்கம் இரைப்பையின் மேலே படர்ந்திருக்கும். சர்ஜன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அடியில் வேலை செய்ய முடியும். கொழுப்பு ஏறிய ஈரல் பெரிதாக இருக்கும், தூக்கினால் ரத்தம் கசியவும் செய்யும். மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தைக் கூட்டி, நாளுக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் இரண்டு வாரம் இருந்தால் அது நன்றாகச் சுருங்கிவிடும். அரிசி, இட்லி, தோசை, சப்பாத்தி, பழச்சாறு, சர்க்கரை எதுவும் வேண்டாம். மோரில் கலந்த புரோட்டீன் பவுடர், முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த மீன் அல்லது பனீர், கீரை சூப், வெள்ளரிக்காய் போன்றவை போதும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த டயட்டைத் தாமாக ஆரம்பிக்கக் கூடாது. பழைய அளவிலேயே மருந்து எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

"இனிமே சாப்பிட முடியாதே, கடைசியா ஒரு பிரியாணி" என்று சொந்தக்காரர்கள் பாசத்தோடு அழைப்பார்கள். அன்பாக மறுத்துவிடுங்கள். இரண்டு வாரம் இருந்த விரதம் அதிலேயே வீணாகிவிடலாம்.

படி 7: மருத்துவமனையில்

பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான். அன்று மாலையோ மறுநாள் காலையோ நடக்க வைப்பார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அது. மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. வாயில் வைத்து மெதுவாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், அப்போதுதான் பந்து மேலே ஏறும், நுரையீரலும் விரியும். மூச்சுத்திணறலுக்காகத் தூங்கும்போது சிபேப் என்ற காற்று செலுத்தும் மெஷின் போடுபவர்கள் அதைக் கையோடு கொண்டு போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது, நாடித் துடிப்பு 120-ஐத் தாண்டி அப்படியே நிற்பது, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் நேரே ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். இரைப்பைத் தையலில் கசிவு இருந்தாலோ, காலில் ரத்தம் உறைந்திருந்தாலோ இப்படித்தான் அறிகுறி தெரியும். "கேஸாக இருக்கும்" என்று காலை வரை காத்திருக்க வேண்டாம்.

படி 8: முதல் இரண்டு மாத அடுப்படி

இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடி ஒன்றை எடுத்து வையுங்கள். 30 மில்லி அளவு உள்ளதாகக் கேட்டு வாங்கலாம். முதல் வாரங்களில் அதுதான் உங்கள் டம்ளர். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மூடி, அதையும் ஒரே மடக்காக இல்லாமல் சப்பிச் சப்பி. இப்படியே பகல் முழுக்கக் குடித்து, மெதுவாக ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும்.

முதல் இரண்டு வாரம் முழுக்கத் திரவம்தான். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமும் புளியும் குறைத்த ரசத்தின் தெளிவு, நீர்மோர், புரோட்டீன் கலந்த பால். தெளிந்த ரசம் என்றால் தெளிந்த ரசம்தான். "ரெண்டு பருக்கை தானே" என்று அம்மாக்கள் சோற்றைக் கரைத்து ஊற்றிவிடுவார்கள். ஆறாத தையலுக்கு அந்த இரண்டு பருக்கையும் வேண்டாம்.

அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் அரைத்த கூழ்: பாசிப்பருப்பு, பனீர், முள் நீக்கிய மீன், அரைவேக்காடு இல்லாத முட்டை. இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் வயிறு நிறைந்துவிடும். அப்புறம் மென்மையான உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் மெல்ல வழக்கமான சாப்பாடு. மார்புக்குழியில் அழுத்தம், விக்கல், மூக்கில் நீர் வடிவது, இவை "போதும்" என்பதற்கான அடையாளங்கள். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் வாந்தி வரும்.

நம் சமையலின் சிக்கல் மாவுச்சத்து. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம்தான். உங்களுக்கு நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20, ஐம்பது கிராம் பனீரில் 9, ஒரு கப் கெட்டிப் பருப்பில் 8, ஒரு டம்ளர் பாலில் 6 என்று எண்ணிக் கூட்டிப் பாருங்கள். மீதியைப் பவுடர் ஈடுகட்டும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் மட்டும் சோறு. பரோட்டா, கெட்டியாகப் பிசைந்த சோறு, நார் மிகுந்த ஆட்டுக்கறி, முருங்கைக்காய்ச் சக்கை போன்றவை வெகுநாளைக்கு அடைத்துக்கொள்ளும்.

படி 9: வைட்டமின், வாழ்நாள் முழுக்க

எடை இறங்கி, உடம்பு லேசாகி, எல்லாம் நன்றாக இருக்கும்போதுதான் மாத்திரையை நிறுத்துவார்கள். குறைபாடு வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். மல்டிவைட்டமின், பி12, டி3, கால்சியம், தேவைப்படுபவர்களுக்கு இரும்புச்சத்து, இவை நிரந்தரம். கால்சியம் சிட்ரேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கார்பனேட் வகைக்கு வயிற்று அமிலம் தேவை, உங்களுக்கு அது இப்போது குறைவு. கால்சியத்துக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காபி, டீயோடு இரும்பு மாத்திரை வேண்டாம். முதல் வருடம் 3, 6, 12-ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை.

படி 10: முதல் வருடத்தில் எதிர்பார்க்க வேண்டியவை

மொத்த எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, ஒன்று ஒன்றரை வருடத்தில் குறைவது வழக்கம். நடுவில் சில வாரம் முள் அசையாமல் நிற்கும், பயப்பட வேண்டாம். மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டும். புரதமும் சத்தும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் வரலாம், அதற்குச் சில மாதம் மாத்திரை தருவார்கள். இனிப்பு சாப்பிட்டதும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அதுதான் டம்பிங். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம்.

பெண்களுக்கு ஒரு விஷயம்: எடை குறைந்ததும் நின்றுபோன மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கலாம். 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு மாத்திரைக் கருத்தடை சரியாக வேலை செய்யாமல் போகலாம், வேறு வழி கேளுங்கள்.

மது வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு குடிக்கு அடிமையாகும் ஆபத்து கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வீட்டில் யாராவது இதைக் கவனித்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 11: பர்ஸில் ஒரு அட்டை

அவசரத்துக்குத் தெருமுனை கிளினிக்குக்குத்தான் போவோம். அங்கே உங்கள் வயிறு மாறியிருப்பது யாருக்கும் தெரியாது. தொடர்ந்து வாந்தி என்றதும் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். நாள் கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வைட்டமின் பி1 (தயாமின்) தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் எல்லாம் அதன் அறிகுறி. பைபாஸ் ஆனவர்களுக்கு ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆகாது, இணைப்பில் புண் வரும்.

அதனால் ஒரு சின்ன அட்டையில் இதை எழுதி, பர்ஸிலும் வீட்டில் இருப்பவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்:

"எனக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. வகை: ______. தேதி: ______. வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயாமின் ஊசி கொடுக்கவும். ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போடுவதற்கு முன் என் சர்ஜனை அழைக்கவும்: ______."