கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும் பூனையை வீட்டாரோடு பழக்குவது எப்படி

எங்கள் மிளகு முதல் நாலு மாதம் என் ஒருத்தியிடம்தான் ஒட்டிக்கொண்டு இருந்தாள். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். மிஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணி போடும் கூடைதான் அவளுக்குப் படுக்கை. மிஷின் கடகடவென்று ஓடும், காதைக்கூட அசைக்க மாட்டாள். ஆனால் சாயங்காலம் வாசல் கேட்டில் கொண்டி சத்தம் கேட்டதும் கூடை காலியாகிவிடும். வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்திருப்பார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் சந்து இருக்கிறது. அதில் போய் ஒடுங்கினால் அவர் தூங்கின பிறகுதான் வெளியே வருவாள். அத்தையைக் கண்டாலும் ஓட்டம்தான். என் மகனுக்கு ஒன்பது வயது. அவனைக் கண்டால் இரண்டு மடங்கு ஓட்டம்.

அவ்வளவு சத்தம் போடுகிற மிஷினுக்குப் பயப்படாதவள் ஒரு கொண்டிக்கு ஏன் பயப்படுகிறாள் என்று யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மிஷின் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். கொண்டிக்குப் பின்னால் வருகிற ஆள் என்ன செய்வார் என்று தெரியாது. பூனை பழகுவதற்கு நாம் செய்ய வேண்டியது இதுதான்: வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளும் அடுத்து என்ன செய்வார் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பூனையைத் திட்டுவதை நிறுத்துங்கள். குட்டிக்கு மனுஷர்கள் எளிதாகப் பழகும் பருவம் பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரைதான். மிளகு உப்பு கோடவுனுக்குப் பின்னால் இருந்து எங்களிடம் வந்தபோது மூன்று மாதம் ஆகியிருக்கும். அதற்குள் தாய்ப்பூனை 'ஆளைக் கண்டால் ஓடு' என்று பழக்கிவிட்டிருந்தது. அப்படி வளர்ந்த பூனையும் மாறும். மெதுவாகத்தான் மாறும். எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

ஒளியும் இடத்தை அடைக்காதீர்கள். பீரோ சந்தை அட்டை வைத்து மூடிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது, நான் விடவில்லை. நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் தெளிந்தன. ஓட இடம் இருக்கிறது என்று தெரிந்த பூனைதான் நின்று பார்க்கும். நான் துணிக்கடைப் பெட்டி ஒன்றை எடுத்து எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஓட்டை போட்டேன். ஒரே வாசல் இருந்தால் அது பொறி மாதிரி. என் பழைய சேலையை மடித்து உள்ளே போட்டேன். முதலில் தையல் அறையில் வைத்து, நாலு நாளைக்கு ஒரு முறை ஒரு முழம் தள்ளித் தள்ளி ஹால் மூலைக்குக் கொண்டுவந்தேன். அங்கே இருந்து எல்லாரையும் பார்க்கலாம், அவளை யாரும் தொட முடியாது.

அடுத்தது வாடை. பூனைக்கு ஆளைவிட ஆளுடைய வாடைதான் முதலில் அறிமுகம் ஆக வேண்டும். வீட்டுக்காரர் ஒரு நாள் போட்ட பனியனைத் துவைக்காமல் எடுத்து, அவள் சாப்பிடும் தட்டுக்கு நாலடி தள்ளிப் போட்டேன். அன்றைக்குத் தட்டையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினேன். பத்தாம் நாள் தட்டு பனியன் மேலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் மேல் படுத்துத் தூங்குகிறாள்.

அத்தை விஷயத்தில் வாடையே இடைஞ்சலாக இருந்தது. அவர் அவளைக் கூப்பிட்டதும் இல்லை, துரத்தியதும் இல்லை. தினமும் ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஜெபமாலை சொல்வார். அதே நேரம், அதே இடம், அதே குரல். மூன்றாவது வாரத்திலேயே மிளகு அந்த நேரத்துக்குப் பெட்டியை விட்டு வந்து நாற்காலிக்கு ஆறடி தள்ளி உட்கார ஆரம்பித்தாள். ஆனால் அத்தை கையில் மீன் வைத்து நீட்டினால் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடுவாள். அத்தை முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்ப்பார், அந்த நெடி. தைலம் பட்ட கையைப் பூனை நக்கினால் அதற்கு விஷம்கூட. சோப்புப் போட்டுக் கழுவி, கொஞ்ச நேரம் காயவிட்டு நீட்டச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள். உங்கள் வீட்டிலும் சென்ட், தைலம், பினாயில், சிகரெட் எது என்று முதலில் பாருங்கள்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதற்கு அடுத்த வேலைதான். நான் விலக வேண்டியிருந்தது. பயந்த பூனை நம் ஒருவரிடம் மட்டும் வரும்போது மனதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். யாராவது உள்ளே வந்ததும் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். அதனால் அவளுக்கு 'இவர்கள் வந்தால் ஆபத்து, இவளிடம் ஓடு' என்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. தூக்குவதை நிறுத்தினேன். வழக்கமான சோறு இரண்டு வேளையும் நானே வைத்தேன். அவளுக்கு உயிரான சாளை மீனை மட்டும், உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்து, மற்ற மூன்று பேர் கையில் கொடுத்துவிட்டேன். என்னிடம் சாளை கிடைக்காது. காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துவாள், நான் எழுந்து போய்விடுவேன்.

பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

சாளை கொடுக்கிற ஆள் எப்படி உட்கார வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நின்றுகொண்டு குனியக்கூடாது. தரையில், பூனைக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது. தற்செயலாகக் கண் பட்டுவிட்டால் மெதுவாக இமையை மூடித் திறக்க வேண்டும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஆள்கூட அப்படி மெல்லக் கண் மூடித் திறந்தால் பூனை அவர் கைப்பக்கம் வருவது கூடியது.

வீட்டுக்காரரிடம் முதலில் ஹெல்மெட்டைப் பற்றிச் சொன்னேன். அதை மாட்டிக்கொண்டே உள்ளே வருவார். பூனைக்கு அது தலை பெருத்த வேறொரு உருவம். வாசலிலேயே கழற்றச் சொன்னேன். கொண்டியில் ஒரு துண்டு ரப்பர் சுற்றினேன். வந்து குளித்துவிட்டு எட்டரை மணிக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, தட்டுக்குப் பக்கத்தில் மூன்று துண்டு சாளை. அவளைக் கூப்பிடவே கூடாது, சாப்பாட்டை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

முதல் வாரம் அவர் எழுந்து போன பிறகு வந்து தின்றாள். இரண்டாவது வாரம் அவர் கை கழுவப் போகும் இடைவெளியில் வந்தாள். பதினேழாவது நாள் நடந்ததை நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். பெட்டியிலிருந்து வந்தாள். பின்னங்கால் இரண்டும் வைத்த இடத்திலேயே ஊன்றி இருந்தது. வயிறு தரையைத் தொட, கழுத்தும் முன்னங்கால்களும் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே வந்தன. அவர் முழங்காலுக்கு அரையடியில் ஒரு துண்டு. மீசை முன்பக்கம் விரிந்தது. அவர் வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை, மூச்சும் விடவில்லை என்றே நினைக்கிறேன். துண்டைக் கவ்விக்கொண்டு ஓடவில்லை, அங்கேயே தின்றாள். அன்றைக்கு அவர் தொடவில்லை. தொட்டிருந்தால் பதினேழு நாளும் வீண்.

தொடுவது எப்போது என்றால், அவள் வந்து தொட்ட பிறகு. விரலை மடக்கி மூக்கு மட்டத்துக்கு நீட்டிவிட்டு அசையாமல் இருங்கள். மோந்து பார்த்துக் கன்னத்தை உரசினால் சம்மதம். கன்னத்திலும் தாடையிலும் காதுகளுக்கு நடுவிலும் மூன்று விநாடி வருடிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி முட்டினால் தொடருங்கள். வயிறு, வாலடி இரண்டிலும் கை வேண்டாம். காது பக்கவாட்டில் மடிந்தாலும், கண்மணி பெரிதானாலும், முதுகுத்தோல் சுளித்தாலும் போதும் என்று அர்த்தம். வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு வந்தால் நல்ல மனநிலை.

பிள்ளைகளுக்கு 'செய்யாதே' என்று மட்டும் சொன்னால் நடக்காது, செய்ய ஒரு வேலை கொடுக்க வேண்டும். மகனை ஹால் தரையில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒரே சீரான குரல் அவளுக்குப் பழகியது. பிறகு மூன்றடிக் குச்சி நுனியில் துணிக்கிழிசல் கட்டிக் கொடுத்தேன். குச்சி நீளமாக இருந்ததால் கைக்கும் பூனைக்கும் நடுவில் இடம் இருந்தது. விளையாடி முடித்ததும் குச்சியை அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும். நூலையும் துணியையும் பூனை விழுங்கினால் குடலில் சிக்கும். ஒரு முறை அவசரத்தில் கையைப் பிடித்துக் கீறிவிட்டாள். கீறல் சின்னதோ பெரிதோ, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி இலவசமாகவே போடுகிறார்கள்.

பின்னடைவு வரும். பனிமய மாதா திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். அந்தச் சமயத்தில் வீடு நிறைய ஆட்கள். வந்த உறவினர் ஒருவர், 'இப்படித்தான் பழக்கணும்' என்று அவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பிடரியைப் பிடித்து இழுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆறு நாள் வீட்டுக்காரரைக் கண்டாலும் ஓடினாள். எனக்கு அழுகையே வந்தது. திரும்ப பனியனிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை ஒன்பது நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். இப்போது விருந்தாட்கள் வருகிற அன்றைக்குத் தையல் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். உள்ளே தண்ணீர், மண் தட்டு, பெட்டி எல்லாம் வைத்துவிடுவேன். தீபாவளிக்கும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் பயம் என்று விட்டுவிடாதீர்கள். நன்றாகப் பழகிய பூனை திடீரென்று ஒளிய ஆரம்பித்தாலோ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ அது நோயாக இருக்கலாம். கடுவன் பூனை மண் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனை செத்துவிடும்.

இப்போது சாளையை முள் எடுப்பது வீட்டுக்காரர் வேலை. எட்டரைக்கு மிளகு அவர் தட்டுக்கு இடதுபக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். மறதியாக ஹெல்மெட்டோடு உள்ளே வந்தால் மட்டும் இன்றைக்கும் இரண்டு எட்டு பின்வாங்கி நிற்பாள். அவர் கழற்றினதும் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வருவாள்.